முழுப் பெயர் என்றொரு பொத்தான்

இந்த நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. முப்பத்து நான்கு ஆண்டுகள் கணித ஆசிரியர். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் பிரதி அதிபர். சமாதான நீதவான். ஹட்டன் நகரில் கோயில் பரிபாலன சபையின் செயலாளர் பொறுப்பை இரண்டு தடவை ஏற்று, இரண்டு தடவையும் எவரும் குறை சொல்ல இடமில்லாதபடி ஒப்படைத்தவன். என்னை மரியாதையாகச் ‘சேர்’ என்று அழைக்காமல் பேசியவர்கள் அந்த நகரத்தில் மூவரே: என் மனைவி, என் மகள், என்னோடு ஒரே வகுப்பில் படித்த பல் வைத்தியர்.

பாடசாலையின் அறிவித்தல் பலகையில் எழுத்துப்பிழை ஒன்று தென்பட்டால், அதைத் திருத்திய பிறகுதான் முதற் பாடவேளைக்கு மணி அடிக்க விடுவேன். மாணவர்களும் சில ஆசிரியர்களும் இதைக் கேலி செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் விடவில்லை. ஒரு சொல் சரியாக எழுதப்பட்டுவிட்டால் அதற்குரிய பொறுப்பு முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணமாக இருந்தது.

நான் ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு என் மகள் கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். குடும்பத்தில் பிணக்கு ஏதுமில்லை. மருமகன் கொழும்புத் துறைமுகத்தை அண்டிய ஒரு நிறுவனத்தில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை ரயிலில் வருவார். மகள் கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் நல்ல பதவியில் இருந்தவள். பிரசவ விடுமுறை முடிந்ததும் காலை எட்டரைக்கு அலுவலகத்தில் இருக்கும்படி சொன்னார்கள். வாடகை அறையில் குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை, அவளிடமும் இல்லை. கடிதம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

தொழில் தொடங்கும் யோசனை என்னுடையது. நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த பழைய மாணவர் ஒருவர், காலாவதியான மருந்துகளைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் கடையை மூட வேண்டியிருக்கிறது என்று என்னிடம் குறைப்பட்டார். மகள் மூன்று வாரத்தில் அவருக்கு ஒரு செயலி செய்து கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொரு மருந்துக்கடை வந்தது. மாலை வகுப்புகள் நடத்தும் ஒரு டியூட்டரி வந்தது. நான் பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரத்தைப் பதிவு செய்தேன். என் பெயரில் பதிவு செய்தேன். மகள் மறுப்புச் சொல்லவில்லை. அவளுடைய விருப்பத்தை நானும் கேட்கவில்லை.

வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. செயலியை எழுதுவது மகள். வாடிக்கையாளரோடு பேசுவதும், திரையில் தோன்றும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் தீர்மானிப்பதும் நான். பொத்தானில் என்ன எழுதியிருக்க வேண்டும், பிழை நேர்ந்தால் எந்த வாக்கியம் தோன்ற வேண்டும் என்பதெல்லாம் என் பகுதி. அதில் அவள் கைவைப்பதை நான் அனுமதித்ததில்லை.

முன்னறைச் சுவரில் ஒரு நேரசூசி ஒட்டினேன். எட்டுப் பாடவேளைகள். முதலிரண்டு வேளைகளில் மகள் வேலை செய்வாள், குழந்தை என் மனைவியிடம் இருக்கும். மூன்றாவது வேளையில் குழந்தை என்னிடம். மாலை விளக்கேற்றிய பின் எவரும் கணினியைத் தொடுவதில்லை. என் மனைவி அந்தத் தாளை இடுப்பில் கைவைத்தபடி முழுவதும் வாசித்தாள். அவள் நகரத்துக் கடைக்காரர் ஒருவரின் மகள். எந்தப் பட்டியலிலும் விடுபட்டதை உடனே கண்டுபிடிப்பவள்.

“எல்லாம் சரிதாங்க. புள்ளைக்குப் பல்லு முளைக்கிறது எந்தப் பாடவேளைன்னு போடலையே?”

“அதுக்கெல்லாம் நேரசூசி போட முடியாது.”

“அப்ப மத்ததுக்கும் போட முடியாது. பாருங்களேன்.”

அவள் சொன்னபடியே ஆயிற்று. இரண்டாவது வாரத்திலேயே குழந்தை மூன்றாவது பாடவேளை முழுவதும் தூங்கி, முதலாவதில் அழுதது. வட்டவளைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் முகாமையாளரான துரை முதன்முதலாக என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, பேத்தி என் தோளில் இருந்தபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் பிரதி அதிபராக இருந்த காலத்துக் குரலில், ஆங்கிலத்தில், எமது நிறுவனம் இவ்வேலையைப் பொறுப்பேற்க ஆயத்தமாக உள்ளது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் மனைவியும் மகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“எமது நிறுவனத்துக்கு இப்ப துணி மாத்தணும் போலிருக்கே,” என்றாள் மனைவி, நான் தொலைபேசியை வைத்ததும்.

அந்தத் தோட்டம் கேட்டது இதுதான். ஒவ்வொரு கங்காணியும் தன் கீழ் வேலை செய்யும் பெண்களின் வருகையைக் கொப்பியில் எழுதுகிறார். அதை அவருடைய கைபேசியிலேயே பதிய வேண்டும். முதலில் ஒரே ஒரு கங்காணியின் கீழுள்ள நாற்பத்திரண்டு பேரைக் கொண்டு ஒரு பரீட்சார்த்தம். சரிவந்தால் தோட்டம் முழுவதற்கும். எங்கள் சிறிய தொழிலுக்கு அது முதலாவது பெரிய வேலை.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே பெயருள்ள பெண்கள் ஒரு கூட்டத்தில் நால்வர், ஐவர் இருப்பார்கள். எனவே திரையில் ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் உட்பக்கம் ஒன்று திறந்து, தகப்பன் பெயரோடு கூடிய பெயர் தெரியும்படி மகள் அமைத்தாள். அந்த உட்பக்கத்திலேயே, அன்றைய வேலை முழுநாளா அரைநாளா என்று மாற்றும் வசதியும் இருந்தது. பெரும்பாலானவர்கள் முழுநாள் வேலை செய்பவர்களே என்பதால், எவரும் மாற்றாவிட்டால் முழுநாள் என்று பதிவாகும்படி தோட்டத்து அலுவலகமே கேட்டிருந்தது.

பொத்தானுக்கு நான் எழுதிய சொல் ‘முழுப் பெயர்’.

மகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “நீளமா இருக்குப்பா. பொத்தானுக்கு வெளிய போகுது. ‘விபரம்’னு போட்டுருவோமா?”

“விபரம் இல்லை, விவரம். அதுவும் இந்த இடத்துக்குப் பொருந்தாது. முழுப் பெயரைக் காட்டுற பொத்தான்ல முழுப் பெயர்னுதான் எழுதணும்.”

“எழுத்தைச் சின்னதாக்கணும்.”

“சின்னதாக்கு.”

அவள் சின்னதாக்கினாள்.

பரீட்சார்த்த நாளில் மகளும் என்னோடு வருவதாக இருந்தது. ஆனால் குழந்தைக்கு ஊசி போட வேண்டிய நாளும் அதுவாகவே அமைந்துவிட்டது. கிளினிக்கைத் தள்ளிப்போடலாமா என்று அவள் கேட்டாள். தேவையில்லை, நான் தனியாகப் போய் விளக்குகிறேன், முப்பத்து நான்கு ஆண்டு விளக்கியவன்தானே என்றேன். வாசல்வரை வந்து அவள் ஒன்றை மட்டும் மறுபடி சொன்னாள்: “அரைநாள் மாத்துறதுன்னா அந்தப் பொத்தானை அமுக்கி உள்ளுக்குப் போகணும். அதை மறக்காமச் சொல்லிருங்கப்பா.” சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன்.

பெரட்டுக் களத்தில் காலை ஆறரைக்கே பெண்கள் கூடிவிட்டார்கள். பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் எல்லோரும் வந்து நிற்கும் இடம். அங்கே வைத்துத்தான் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புவார்கள். அந்தக் கூட்டத்தின் கங்காணி ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தப் பிரிவில் கங்காணி வேலை கொடுக்கப்பட்ட முதலாவது பெண் அவர்தான் என்றும், கொடுத்து மூன்று மாதமே ஆகிறது என்றும், வெளிவேலைகளைக் கவனிக்கும் கண்டாக்கு என்னிடம் சொன்னார். சொன்ன விதத்தில் அவருக்கு அதில் அவ்வளவு சம்மதம் இல்லை என்று பட்டது.

நான் பேசத் தொடங்குமுன் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

“அடியே, இனிமே போனுதான் கங்காணியாம்.”

“அப்ப நம்ம கங்காணியம்மாவுக்கு என்னடி வேல?”

“போனுக்கு சார்ஜ் போடுறது.”

கங்காணியும் சிரித்தார். “சிரிங்கடி. நாளைக்கு லேட்டா வந்தா போனே கத்தும், பாத்துக்கங்க,” என்றார். பிறகு என்னைப் பார்த்துத் தலையைச் சற்றுத் தாழ்த்தி, “நீங்க சொல்லுங்க சேர்,” என்றார்.

இருபது நிமிடம் விளக்கினேன். ‘உரிய பொத்தானை அழுத்தி உட்பக்கத்துக்குச் செல்லவேண்டும், அங்கு முழுநாள் அல்லது அரைநாள் எனத் தெரிவு செய்யவேண்டும்’ என்றெல்லாம் வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். “வெளங்குச்சுங்க சேர்,” என்றார். ஆசிரியனாக இருந்தவன் இந்தச் சொல்லைக் கேட்டதும் பாடத்தை முடித்துவிடுகிறான். நானும் முடித்தேன்.

நான்கு நாட்களுக்குப் பின் தோட்டத்து அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

துரையின் அறையில் மூவர் இருந்தார்கள். துரை சிங்களக் கனவான், அமைதியானவர், என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். பக்கத்தில் கண்டாக்கு. சுவரோரம் கங்காணி நின்றுகொண்டிருந்தார். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். மேசையில் பரீட்சார்த்த நாளுக்கென எங்கள் செயலி அச்சிட்ட வருகைத்தாள் இருந்தது. நாற்பத்திரண்டு பேருக்கும் முழுநாள் பதிவாகியிருந்தது. கொழுந்தின் நிறையை எழுதிய கொப்பியோ, பதினொரு பேர் அன்றைக்குரிய அளவு பறிக்கவில்லை என்று காட்டியது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி கங்காணியின் தங்கை. இன்னொருத்தி அவருடைய நாத்தனார்.

“என்னம்மா, தங்கச்சிக்கும் நாத்தனாருக்கும் சேத்து அள்ளிக் குடுத்துட்ட?” என்றார் கண்டாக்கு.

“நான் யாருக்கும் அள்ளிக் குடுக்கலைங்கையா. முழுப்பேரு வாங்குனவங்களுக்கு மட்டுந்தான் முழுப்பேர அமுக்குனேன், முழுநாள்னு காட்டுச்சு, மூடிட்டேன். அரைப்பேர தேடித் தேடிப் பாத்தேன், போனுல அது இல்ல. அந்தப் பதினொரு பேரையும் தொடாமத்தான் விட்டேன்.”

“அரைநாள்னு உள்ளுக்கு இருக்கே.”

“அந்தப் பதினொரு பேருக்கு உள்ளுக்கு எதுலங்க போறது?”

“முழுப் பெயர்னு இருக்குறதை அமுக்குனாத்தான் உள்ளுக்குப் போகும். சேர் சொல்லித்தந்தாருல்ல?”

“அரைப்பேருக்காரிக்கு நான் ஏங்க முழுப்பேர அமுக்கணும்?”

கண்டாக்கு சிரித்தார். துரைக்குச் சிங்களத்தில் எதையோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். உரிய அளவு கொழுந்து எடுத்தவளுக்கு முழுப்பேர். அளவு குறைந்தவளுக்கு, அல்லது இடையில் வீடு திரும்பியவளுக்கு, அரைப்பேர். ‘இன்னைக்குப் பேர் விழுந்துச்சா’ என்றால், இன்று முழு வேலை கணக்கில் ஏறியதா என்று பொருள். நாற்பத்திரண்டு பேரின் பெயருக்குப் பக்கத்திலும் நான் ‘முழுப் பெயர்’ என்று எழுதி வைத்திருந்தேன். அந்தக் கங்காணி அதைத் தன் தொழிலில் அந்தச் சொல்லுக்கு உள்ள ஒரே பொருளில் வாசித்திருந்தார்.

“அவ சும்மா கதை விடுறா. சேர் எழுதியிருக்கது பேரு இல்ல, பெயர்,” என்றார் கண்டாக்கு. “இவ ஒம்பதாவது வரைக்கும் படிச்சவ. பெயருக்கும் பேருக்கும் வித்தியாசம் தெரியாதா? சேர், நீங்களே சொல்லுங்க. முழுப் பெயர்னா என்ன அர்த்தம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: “தந்தையின் பெயரையும் சேர்த்து எழுதப்படும், ஒருவருடைய முழுமையான பெயர்.”

நான் சொன்னது சரியான விடை. எந்தப் பரீட்சைத் தாளிலும் அதற்கு முழுப்புள்ளி கிடைக்கும். கண்டாக்கு அதை மொழிபெயர்த்தார். துரை தலையசைத்தார். திங்கட்கிழமை முதல் கங்காணி வேலையிலிருந்து நீக்கி, அவரைப் பழையபடி கொழுந்தெடுக்க அனுப்புவது என்று முடிவாயிற்று. அறையை விட்டுப் போகும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் அவர் ‘அரைப்பேர்’ என்று சொன்ன கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் உடப்புசல்லாவைக்குப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஒரு லயத்தில் பிறந்தவன். பதினொரு வயதில் நகரத்துப் பாடசாலை விடுதிக்கு வந்தேன். அதற்குப் பிறகு விடுமுறைக்கு மட்டுமே லயத்துக்குப் போனவன். அரைப்பேர் விழுந்த நாட்களில் என் அம்மா கூடையை இறக்கிவிட்டு, உலையில் அரிசி போடும்வரை யாரோடும் பேசமாட்டார். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அகராதி தேவையில்லை. என் பிறப்பை நான் யாரிடமும் மறைத்ததில்லை, வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதுமில்லை. நகரத்தில் என்னை நகரத்தவன் என்றே எண்ணினார்கள். எண்ணட்டும் என்று இருந்துவிட்டேன். அப்படியே நாற்பது ஆண்டுகள் இருந்தவன், அந்தச் சொல்லை எழுதும்போது உண்மையிலேயே நகரத்தவனாகவே எழுதியிருந்தேன்.

வீட்டில் மகள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒற்றைக் கையால் தட்டச்சு செய்து, அன்றைய தினம் எந்தப் பொத்தான் எப்போது அழுத்தப்பட்டது என்ற பதிவை எடுத்தாள். முப்பத்தொரு பேருக்கு ‘முழுப் பெயர்’ அழுத்தப்பட்டிருந்தது. பதினொரு பேருக்கு ஒரு தடவைகூட அழுத்தப்படவில்லை. நான் கொண்டுவந்த பட்டியலோடு அவள் ஒப்பிட்டாள். அதே பதினொரு பேர்.

“அவங்க ஒரு தப்பும் பண்ணலைப்பா. நாமதான் தொடாத ஆளுக்கெல்லாம் முழுநாள் குடுத்திருக்கோம்.” பிறகு கேட்டாள்: “அரைப்பேர்னா என்னப்பா?”

சொன்னேன். சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

“இது உங்களுக்குத் தெரியும்ல? அப்ப அங்கேயே சொல்ல வேண்டியதுதானே?”

நான் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

“ம். உங்க பேர் முழுசா வீடு வந்து சேந்துருச்சு. அந்தம்மா பேர்தான் போச்சு.”

மகள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “நான் போன் பண்ணிச் சொல்லிர்றேன்பா, செயலியில பிழை, என் பிழைன்னு. கைப்புள்ளைக்காரி, கவனம் தவறிப்போச்சுன்னு விட்டுருவாங்க. அந்தம்மாவுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். உங்களுக்கும் ஒன்னும் இல்லை.”

நல்ல வழிதான். ஒருவருக்கும் வலிக்காத வழி. அதைக் கேட்டதும் என் உடம்பு இலேசானதை நான் உணர்ந்தேன். உணர்ந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. என் மகள் இந்தத் தொழிலில் இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கப்போகிறவள். பிள்ளை பெற்ற பெண்ணிடம் வேலை கொடுத்தால் கவனம் தவறும் என்று எட்டரை மணிக்காரர்கள் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு சான்றை, அவளுடைய தகப்பனின் வீட்டிலிருந்தே, அவளுடைய கையாலேயே எழுதிக் கொடுப்பதா? அவள் அந்தப் பொத்தானுக்குக் கேட்டது வேறு சொல். அதை இலக்கணம் பேசித் தள்ளியவன் நான்.

“நீ பேச வேண்டாம்,” என்றேன். “சொல் என் பகுதி.”

மறுநாட் காலை முதல் பஸ்ஸில் போனேன். கங்காணியையும் அழைக்கும்படி கேட்டுக்கொண்டேன். மகள் எடுத்த பதிவை மேசையில் வைத்து, துரைக்கு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்: அந்தப் பெண் முழு வேலை செய்தவர்களைத் தனியாகவும் அரை வேலை செய்தவர்களைத் தனியாகவும் பிழையின்றிப் பிரித்திருக்கிறார், இந்தத் தோட்டத்தில் வேறு பொருளுள்ள ஒரு சொல்லைப் பொத்தானில் எழுதியது என் தவறு, நேற்று இந்த அறையில் அதை அறிந்தும் பேசாதிருந்தது என் இரண்டாவது தவறு. பிறகு அதையே தமிழிலும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது கடினமாக இருந்தது.

துரை பதிவை நீண்ட நேரம் பார்த்தார். பண்பான மனிதர், எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். உங்கள் மகளுக்குச் சிறு குழந்தை இருக்கிறதல்லவா, இந்த நிலையில் இப்படி நேர்வது இயல்பு, செயலி எழுதியவரின் சிறு கவனக்குறைவு என்று குறித்துவிடுகிறேன், உங்கள் பெயர் வரத் தேவையில்லை என்றார்.

அப்படிக் குறிக்கக் கூடாது என்றேன். செயலி கேட்டபடியே வேலை செய்தது. பிழையான சொல் என்னுடையது என்று குறிக்கும்படி சொன்னேன்.

கண்டாக்கு எனக்கு உதவ வந்தார். “சேர் டவுன்காரரு. இந்தப் பேச்செல்லாம் சேருக்கு எப்படித் தெரியும்? தெரியாம எழுதுனதுதானே.”

“தெரியும்,” என்றேன். “எங்கம்மா கொழுந்தெடுத்தவங்க. அவங்க வாங்குன பேருலதான் நான் படிச்சேன்.”

கங்காணிதான் பேசினார். அவருடைய குரலில் நன்றி இல்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லை.

“நேத்தும் தெரியுங்களா சேர்?”

“தெரியும்.”

“அப்ப நேத்தே சொல்லியிருக்கலாம்ல? எங்க வீட்டுல ஒருத்தரும் வாயில சோறு வைக்கல. எந் தங்கச்சி, அவளாலதான் எனக்கு வேல போச்சுன்னு ஒப்பாரி வைக்கிறா.”

மன்னிப்புக் கேட்டேன். ஒரு பொதுக்கூட்டத்தில் பேசுவதைப் போன்ற நீண்ட வாக்கியமாக அது வெளிவந்தது. எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை. அவர் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: “சரி, விடுங்க சேர். மொதல்ல அந்தப் போனுல அரைப்பேர போட்டுத் தாங்க.”

அவர் கங்காணியாகவே தொடர்ந்தார். மகள் ஒரே நாளில் திரையை மாற்றினாள். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘முழுப்பேர்’, ‘அரைப்பேர்’ என்று இரண்டு பொத்தான்கள் உள்ளன; இரண்டில் ஒன்றைத் தொடாமல் எதுவும் பதிவாகாது. தகப்பன் பெயரோடு கூடிய பெயரைக் காட்டும் பொத்தானில் ‘விபரம்’ என்று இருக்கிறது, பகரத்தோடு. அந்தச் சொற்களைக் கங்காணியிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு எழுதினோம். அதன்பின் புதிய வேலை எது வந்தாலும் அதைப் பாவிக்கப்போகிறவரிடம் சொற்களை வாசித்துக் காட்டிய பிறகே எழுதுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. இதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாரம் கூடுதலாகிறது.

மலையில் பெண்கள் எனக்கு ‘அரைப்பேர் சேர்’ என்று பட்டம் வைத்திருப்பதாகக் கேள்வி. நான் அங்கே போகும்போது யாரும் நேரில் சொல்வதில்லை. ஆனால் நான் பெரட்டுக் களத்தைக் கடந்ததும் முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு எழும். திரும்பிப் பார்ப்பது என் வயதுக்கு அழகல்ல, பார்ப்பதில்லை.

தோட்டம் முழுவதற்கும் எங்கள் செயலியை எடுப்பதாகச் சொன்னவர்கள் இதுவரை மூன்று பிரிவுகளுக்கு மட்டுமே எடுத்திருக்கிறார்கள். அது போதும் என்கிறாள் மகள். பேத்தி முன்பள்ளிக்குப் போகும்வரை அதற்கு மேல் தாங்காது என்கிறாள். பிரதேச செயலகத்தில் பதிவை மாற்றிவிட்டோம். தொழில் இப்போது அவளுடைய பெயரில் இருக்கிறது. கூட்டங்களுக்கு அவள் போகிறாள். கிளினிக்குக்கு நான் போகிறேன். அங்கே வரிசையில் தாய்மாருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரே ஆண்பிள்ளை நான் என்பதால், தாதி என்னை எப்போதும் முதலில் கூப்பிட்டுவிடுகிறார். இது வரிசை முறைக்கு விரோதம் என்று ஒருமுறை அவருக்கு எடுத்துச் சொன்னேன். “நீங்க போங்க சீயா, புள்ள அழுகுது,” என்றார். சிங்களத்தில் ‘சீயா’ என்றால் தாத்தா. ‘சேர்’ என்று என்னை அழைக்காதவர்களின் தொகை இவ்வாறு கூடிக்கொண்டே போகிறது.

இதையெல்லாம் எழுதவேண்டி வந்ததற்குக் காரணம், ஹட்டனில் ஓய்வூதியர் சங்கத்திலும் கோயில் மண்டபத்திலும் உலவும் ஒரு பேச்சு. அண்மையில் ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். “கைப்புள்ளக்காரிய வச்சு வேல வாங்குனா அப்புடித்தான். பாவம், மனுசன் மகளைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு,” என்றார் ஒருவர். பக்கத்திலிருந்தவர், “தகப்பன்னா அப்புடித்தான் இருக்கணும்,” என்றார். இது என்னைப் புகழ்வதற்காகச் சொல்லப்படுகிறது என்பதை அறிவேன்.

அது உண்மையல்ல. மகளின் வேலையில் பிழை இருக்கவில்லை. அந்தச் சொல்லைத் தெரிவு செய்தவன் நான். அதை எழுதியது ஒரு நாள் காலை பத்து மணிக்கு. குழந்தை அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.